நாக்கை நீட்டு, கண்ணை மூடு

தோட்டத்து டிஸ்பென்சரிக்காரனின் அதிகாரமெல்லாம் ஒரு துண்டுக் காகிதத்தில் இருந்தது. பெரட்டுக்களத்தில் பேர் கூப்பிட்டு முடிந்து ஆட்கள் மலைக்கு ஏறியதும், ஏறாதவர்கள் என் வாசலுக்கு வருவார்கள். காய்ச்சலுக்கு வெப்பமானி சாட்சி, வெட்டுக்காயத்துக்கு இரத்தம் சாட்சி. தலை சுற்றுகிறது, முகத்தில் மின்னல் வெட்டுகிறது, எல்லாம் இரண்டு இரண்டாகத் தெரிகிறது என்று வருகிறவர்களுக்குச் சாட்சி சொல்ல யாரும் இல்லை. நான் துண்டு கொடுத்தால் சுகவீன லீவு. கொடுக்காவிட்டால் அன்றைய பேரும் சம்பளமும் போச்சு. மத்தியானத்துக்குள் ஆபீஸிலிருந்து கேள்வி வரும்: "உண்மையான வருத்தமா, சாட்டா?"

1976இல் கொட்டகலைப் பக்கத்துத் தோட்டமொன்றுக்கு ஈ.எம்.ஏ.யாக, அதாவது தோட்ட மருத்துவ உதவியாளராக, வந்தேன். கம்பனித் தோட்டங்களை அரசு எடுத்து ஒரு வருடம் ஆகியிருந்தது. வெள்ளைக்காரத் தொரை போய்விட்டார், கேள்வி போகவில்லை. அதற்குப் பதில் சொல்ல எனக்கு அதிகம் கைகொடுத்தவை மூளையிலிருந்து நேரே புறப்பட்டு மூக்கு, கண், முகம், காது, நாக்கு, தொண்டை, தோள் என்று போகும் பன்னிரண்டு சோடி நரம்புகள்தான். ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை உண்டு, ஒவ்வொரு வேலையையும் வாசலில் நிற்கவைத்தே சோதித்துவிடலாம். டோர்ச், பஞ்சு, குண்டூசி, இசைக்கவை, கொஞ்சம் கராம்பு போதும்.

இந்த நரம்புகளைப் பன்னிரண்டாக வகுத்து வரிசை போட்டவர் 1778இல் சோமரிங் என்ற ஜெர்மன்காரர். அதற்கு முன் பல நூற்றாண்டுகள் கேலன் சொன்ன ஏழு சோடிதான் கணக்கு. பரீட்சைக்கு அந்த வரிசையை ஒப்பித்தோம். டிஸ்பென்சரிக்கு எந்த நரம்பும் வரிசைப்படி வந்ததில்லை. எனக்கு முதலில் வந்தது ஏழாவது.

மார்கழி, தைப் பனியில் கொழுந்துப் பெண்கள் வாய் கோணி வருவது எங்கள் பக்கம் புதிதல்ல. "காத்துப் பட்டிருச்சுங்க ஐயா" என்பார்கள். பெரும்பாலும் கோடாங்கியைப் பார்த்துவிட்டு, நெற்றி நிறைய விபூதியோடுதான் வருவார்கள். அந்த விபூதி எனக்கு உதவியாகவே இருந்தது. "நெத்தியச் சுருக்கு, ஆத்தா" என்பேன். விபூதிக்கோடு இரண்டு பக்கமும் மடிந்தால் எனக்கு வயிறு கலங்கும். ஒரு பக்கம் மட்டும் மடியாமல் இஸ்திரி போட்டதுபோல் கிடந்தால் மூச்சு வரும்.

கேட்பவர்களுக்கு இது தலைகீழாகத் தோன்றும். முகத்தின் கீழ்ப்பாதிக்கு மூளையின் எதிர்ப்பக்கத்திலிருந்து மட்டுமே கட்டளை வருகிறது. நெற்றிக்கோ இரண்டு பீலியிலிருந்தும் தண்ணீர். மூளைக்குள் இரத்தக்குழாய் அடைத்து ஒரு பீலி நின்றாலும் மற்றது ஊற்றிக்கொண்டிருக்கும், நெற்றி சுருங்கும். ஆகவே வாய் மட்டும் கோணி நெற்றி நன்றாக இருந்தால் பாரிசவாதம் என்று சந்தேகிக்கவேண்டும். நெற்றி, இமை, வாய் மூன்றும் ஒரே பக்கத்தில் செத்துக் கிடந்தால் பழுது நரம்பிலேயே. சார்ள்ஸ் பெல் என்ற ஸ்கொட்லாந்துக்காரரின் பெயரால் வழங்கும் இந்த முகவாதத்தில் அநேகம் பேர் குணமாகிவிடுவார்கள்.

ஒருமுறை ஒரு கங்காணியைக் கூட்டிவந்தார்கள். வாய் கொஞ்சம்தான் கோணல். வீட்டில் யாரும் பயப்படவில்லை, முகவாதம் வந்து தேறிய மைத்துனி ஒருத்தி பக்கத்து லயத்திலேயே இருந்தாள். நெற்றியைச் சுருக்கச் சொன்னேன், அழகாகச் சுருக்கினார். இரண்டு கையையும் முன்னே நீட்டச் சொன்னேன், வலதுகை மெல்ல இறங்கியது. அந்தக் காலத்தில் ஆம்புலன்ஸ் என்பது கொழுந்து லொறி. கொழுந்தை இறக்கிய பிறகு தருகிறோம் என்றார்கள். நெற்றிக் கணக்கையெல்லாம் விளக்க நேரமில்லை. "கையைப் பாருங்க" என்று ஆபீஸ் வாசலிலேயே அவரைக் கையை நீட்டவைத்தேன். கொழுந்துச் சாக்குகளோடு சாக்காகத்தான் அவர் டிக்கோயா ஆஸ்பத்திரிக்குப் போனார்.

முகவாதத்தில் பலரும் வாயைப் பார்த்துக் கவலைப்படுவார்கள், நான் கண்ணைப் பார்ப்பேன். இமை மூடாத கண் இரவெல்லாம் காயும், கவ்வாத்துக் காலத்தில் தூசும் துரும்பும் விழும், கருவிழி புண்ணாகிப் பார்வையே போகலாம். இரவில் களிம்பு பூசி இமையை ஒட்டிவிடவேண்டும். சிலருக்கு இன்னொரு வேதனை. காதுக்குள் பெரிய சத்தத்தைத் தணிக்கும் சின்னத் தசை ஒன்றுக்கும் இதே நரம்புதான் போகிறது. அது வேலைநிறுத்தம் செய்தால் தப்பு அடிக்கும் சத்தம் மண்டையைப் பிளக்கும். திருவிழாவில் காதைப் பொத்திக்கொண்டு ஓடிய ஒருத்தியைப் பேய் பிடித்தவள் என்று முடிவுகட்டியிருந்தார்கள்.

மருந்து விஷயத்தில் என் காலத்திலேயே பெரிய மாற்றம் வந்தது. வெகுகாலம் விற்றமின் ஊசியும் எண்ணெய்த் தடவலுமாக ஓட்டினோம். 2007இல் ஸ்கொட்லாந்தில் 551 பேரை வைத்துச் செய்த ஆய்வொன்று வெளிவந்தது. 72 மணி நேரத்துக்குள் பிரெட்னிசொலோன் தொடங்கியவர்களில் ஒன்பது மாதத்தில் 94 வீதமானோர் முழுக்கக் குணமானார்கள், அது கிடைக்காதவர்களில் 82 வீதமானோர். லயம் லயமாகச் சொல்லி அனுப்பினேன்: வாய் கோணினால் மூன்று நாளுக்குள் இங்கே வாருங்கள், கோடாங்கியை நாலாம் நாள் பார்த்துக்கொள்ளலாம். கோடாங்கிக்கு அதில் ஆட்சேபம் இருக்கவில்லை. அவருடைய மருமகளையே இரண்டாம் நாள் கூட்டிவந்தார்.

ஐந்தாவது நரம்பின் கதை வேறு. ஐம்பது தாண்டிய ஒருத்தி, வாயின் வலதுபக்கம் கீழே நான்கு பல் இல்லாமல் வந்து நின்றாள். நான்கும் நல்ல பல். கன்னத்தில் சுரீரென்று வலி வரும், சில நொடிதான், பிறகு ஒன்றுமில்லை, பிறகு மறுபடியும். பல்வலி என்று நினைத்து ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டே வந்திருக்கிறாள். ஐந்தாவதையும் பிடுங்க ஒரு வார்த்தை எழுதிக் கேட்டுத்தான் என்னிடம் வந்தாள். எப்போது வலிக்கிறது என்று கேட்டேன். "வெள்ளென மலைக்குப் போறப்ப காத்து மூஞ்சில அடிச்சா வருதுங்க. மூஞ்சி கழுவுனா வருதுங்க. ரொட்டி மென்னா வருதுங்க." பஞ்சால் கன்னத்தைத் தொட்டேன், உணர்ச்சி சரியாக இருந்தது. தொட்ட மாத்திரத்தில் அவள் முகம் சுருண்டது. அப்படியே நின்றாள், கண்ணீர் மட்டும் வந்தது.

பல்வலி இராத்தூக்கத்தைக் கெடுக்கும், நாளெல்லாம் விண்விண்ணென்று இருக்கும். இந்த நரம்புவலி அப்படியில்லை. காற்று, தண்ணீர், ஒரு கவளம் சோறு, ஏதாவது ஒன்று தொட்டுத் தூண்டவேண்டும். வந்து போனதும் ஆள் சுகமாகத் தெரிவாள். கொழுந்து மேற்பார்வைக்கு வருகிறவர் கண்ணுக்கு அந்த இடைவேளைதான் படும், அதனால் இவளுக்குச் 'சாட்டுக்காரி' என்ற பட்டம். பெரிய ஆஸ்பத்திரிக் கிளினிக்கில் கார்பமசெபின் கொடுத்தார்கள். வலிப்புக்குக் கொடுக்கும் அதே மருந்து, இந்த வலியையும் அடக்கும். ஆனால் ஆரம்பத்தில் தூக்கக் கலக்கம் வரும். செங்குத்து மலையில் கூடையோடு நிற்கும் ஒருத்திக்கு அது சின்ன விஷயமில்லை. முதல் இரண்டு வாரம் தட்டையான மலையில் வேலை கொடுக்கச் சொல்லித் துண்டு எழுதினேன். தட்டையான மலை கொட்டகலையில் எங்கே இருக்கிறது என்று கணக்கப்பிள்ளை கேட்டார், நியாயமான கேள்விதான். பிள்ளைக்காம்பராவில் ஆயாவுக்கு உதவியாகப் போட்டார்கள்.

முதல் நரம்பை யாரும் சோதிப்பதில்லை. பெரிய டாக்டர்கள்கூட "இரண்டு முதல் பன்னிரண்டு வரை சரி" என்று எழுதிவிடுவார்கள். தேயிலை நாட்டில் அந்தச் சோம்பல் கூடாது. ஸ்டோரில் அரைத்த கொழுந்து பதமாகிவிட்டதா என்பதை டீமேக்கர் மூக்கால்தான் தீர்மானிப்பார். பச்சை வாடை போய்ப் பழவாசம் எழும் அந்தக் கணத்தைத் தவறவிட்டால் அன்றைய தேயிலை போச்சு. அப்படி மூக்கால் பிழைத்த ஒருவர் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து பிடரி அடிபட்டார். காயம் ஆறி வந்து, "சாப்பாட்டுல ருசியே இல்ல, டாக்டர்" என்றார். நட்டஈடு கேட்கப்போகிறார், அதற்கு முன்னேற்பாடு என்று ஆபீஸில் பேச்சு.

கண்ணைக் கட்டி, ஒரு மூக்கை அடைத்து, மறு மூக்கில் கராம்பைக் காட்டினேன். தெரியவில்லை. கோப்பித்தூள், சவர்க்காரம், ஒன்றும் தெரியவில்லை. நாக்கில் உப்பு வைத்தேன், உப்பு என்றார். சீனியும் தெரிந்தது. நாக்கு நன்றாகவே இருந்தது. நாம் ருசி என்று சொல்வதில் பெரும்பங்கு மூக்கின் வேலை. கடைசியாக அமோனியாப் போத்தலைத் திறந்து காட்டினேன். தலையைப் பின்னே இழுத்துக்கொண்டு, "எரியுதே, என்ன மணம்னு தெரியல" என்றார். அதுதான் எனக்கு வேண்டியிருந்தது. அமோனியாவின் எரிச்சலை அறிவிப்பது ஐந்தாவது நரம்பு. மணம் போய்விட்டதாக நடிக்கிறவன் பெரும்பாலும் அமோனியாவும் தெரியவில்லை என்று சொல்லி அகப்பட்டுக்கொள்வான். இவர் பொய் சொல்லவில்லை. மூக்குக் கூரையின் எலும்புச் சல்லடை வழியாக ஏறும் மெல்லிய நரம்பிழைகள் விழுந்த அதிர்ச்சியில் அறுந்திருக்கவேண்டும். அப்படி அறுந்தவை திரும்ப ஒட்டுவது அரிது. நான் எழுதிக் கொடுத்ததைக் கொண்டு அவருக்கு ஸ்டோரிலேயே கணக்கு வேலை கிடைத்தது. 2021இல் கொரோனா வந்து லயமெல்லாம் மணம் தெரியாமல் தவித்தபோது அவர்தான் எல்லோருக்கும் ஆறுதல் சொன்னார், "ஒங்களுக்கு வந்துரும்" என்று.

நான் வேலைக்கு வந்த புதிதில், 1977, 78இல், தோட்டப்பகுதிகளில் வயதுக்கு வந்த பிள்ளைகள் சிலர் நடக்கமுடியாமல் போனார்கள். அப்படியொரு பிள்ளை என் கைக்கு வரவில்லை. மூத்த ஈ.எம்.ஏ. ஒருவர் சொல்லிக் கேட்டதும் பின்னால் வாசித்ததும்தான். சடங்கான பிள்ளைக்கு நல்லெண்ணெய் கொடுப்பது நம் வழக்கம். அந்த எண்ணெயில் டிரைகிரெசில் பொஸ்பேட் என்ற நஞ்சு கலந்திருந்தது. இருபதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் பாதிக்கப்பட்டார்கள். பேராதனை மருத்துவபீடத்து நிமால் சேனநாயக்கவும் ஜெயரத்தினம் என்ற மருத்துவரும் இதைத் துப்புத் துலக்கி 1981இல் லான்செட் இதழில் எழுதினார்கள். இந்த நஞ்சு கால் கைகளுக்குப் போகும் நீண்ட நரம்புகளைத் தேடிப்போய் அரிக்கும். பாதம் தொங்கும், விரல் மடியாது, ஆனால் முகம் தப்பிவிடும். மூத்தவர் எனக்குச் சொல்லித்தந்தது இதைத்தான்: கால் வராத பிள்ளையைத் தூக்கிவந்தாலும் முதலில் முகத்தைப் பார், எது கெட்டிருக்கிறது என்பதைப்போல எது கெடவில்லை என்பதும் கணக்கு.

அதே குடும்பத்து நஞ்சுதான் மரக்கறிக்கு அடிக்கும் பல பூச்சிமருந்துகளிலும் இருந்தது. இதைப்பற்றி எழுதத் தயக்கமாக இருக்கிறது, ஆனால் எண்பதுகளின் தோட்டத்தைப்பற்றி எழுதிவிட்டு இதை விட்டுவிடமுடியாது. வீட்டுச் சண்டையில், கடன் தொல்லையில், காதலில், ஒரு நிமிட ஆத்திரத்தில் நஞ்சைக் குடித்துவிட்டுத் தூக்கிவரப்பட்டவர்கள் எத்தனையோ பேர். கண்மணி குண்டூசித் தலையளவு சுருங்கி, வாயில் நுரையோடு வருவார்கள். அட்ரோபின் போட்டு லொறியில் ஏற்றுவோம். ஆஸ்பத்திரியில் மறுநாள் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடிப்பார்கள். வீட்டார் கோயிலுக்கு நேர்ந்துகொள்வார்கள். அதற்குப் பிறகு சிலர் மூச்சு நின்று இறந்தார்கள். ஏன் என்று வெகுநாள் யாருக்கும் தெரியவில்லை.

இதை உலகத்துக்குச் சொன்னவர்களும் நம் பக்கத்தவர்கள்தான். சேனநாயக்கவும் லக்ஷ்மன் கரலியத்தவும் பத்து நோயாளிகளைப்பற்றி 1987இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் எழுதினார்கள். முதல் நாள் ஆபத்து தீர்ந்த பிறகு, 24இலிருந்து 96 மணி நேரத்துக்குள் இரண்டாவது தாக்குதல் வரும். கழுத்து, தோள், தொடைத் தசைகள், கண்ணையும் முகத்தையும் தொண்டையையும் இயக்கும் மண்டை நரம்புகளின் தசைகள், பிறகு மூச்சு. பெரிய ஆஸ்பத்திரியில் அப்போது வேலைபார்த்த நண்பர் ஒருவர் எனக்கு இதைச் சொன்னபோது ஒரே ஒரு சோதனையைத்தான் சொன்னார்: தலையணையிலிருந்து தலையைத் தூக்கச் சொல்.

அதன்பின், ஆஸ்பத்திரியில் சண்டைபிடித்து டிக்கட் வெட்டிக்கொண்டு லயத்துக்கு வந்துவிடுபவர்களை அன்றே போய்ப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன். ஒரு பொடியன் இரண்டாம் நாளே வந்திருந்தான். மற்றப் பிள்ளைகளோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தான். பேச்சு மூக்கால் வந்தது. இமை பாதி இறங்கியிருந்தது. அம்மா அதைத் தூக்கக் கலக்கம் என்றார். படுக்கவைத்துத் தலையைத் தூக்கச் சொன்னேன். முடியவில்லை, வெட்கப்பட்டுச் சிரித்தான். அன்று லொறிக்காக நான் யாரிடமும் கேட்கவில்லை, ரோட்டில் வந்த முதல் வேனை மறித்தேன். மூன்று வாரம் மெசினில் மூச்சுவிட்டுப் பிழைத்துவந்தான்.

1995இல் மிகக் கொடிய பூச்சிமருந்துகள் சிலவற்றை அரசு தடைசெய்தது. அடுத்த பத்தாண்டில் நாட்டின் தற்கொலை வீதம் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. என் டிஸ்பென்சரி வாசலிலும் அது தெரிந்தது. எத்தனை புத்திமதி சொல்லியும் நடக்காதது, கடையில் அந்தப் போத்தல் இல்லாமல் போனதும் நடந்தது.

கசநோயைப்பற்றித் தனியாகவே எழுதலாம். ஒரு காம்பராவில் ஏழெட்டுப் பேர் படுக்கும் லயத்தில் அது போகவே போகாது. எட்டாவது நரம்பையும் இரண்டாவது நரம்பையும் நான் கற்றது நோயைவிட அதன் மருந்துகளால். அப்போது ஸ்ட்ரெப்டோமைசின் ஊசியை நாங்களே தினமும் போட்டோம். சளி குறைந்து உடம்பு தேறிவரும் ஆள் ஒருநாள், "பகல்ல நல்லா நடக்கிறேங்க, இருட்டுல கக்கூசுக்குப் போனா விழுந்துர்றேன்" என்பார். உட்காதின் சமநிலை நரம்பு அந்த ஊசியால் கெட்டால் கண்ணும் காலும் சேர்ந்து ஒருவழியாகச் சமாளிக்கும். இருட்டில் கண்ணின் உதவியும் போய்விடும். கால்களைச் சேர்த்துக் கண்ணை மூடி நிற்கச் சொன்னால் ஆள் சாய்வார். அன்றே ஊசியை நிறுத்தி மார்பு கிளினிக்குக்கு எழுதவேண்டும். எத்தம்பியுட்டோல் மாத்திரை பார்வை நரம்பைத் தொடும், சிவப்பும் பச்சையும் முதலில் மங்கும். அதற்காக மருந்துப் போத்தலின் சிவப்பு மூடியொன்றை வைத்திருந்து, மாதமொருமுறை காட்டிக் கேட்பேன்.

பத்தாவது நரம்பை ஒரு காமன் கூத்துக்காரர் கற்பித்தார். மாசியில் விடியவிடியப் பாடுபவர். தொண்டை கட்டிவிட்டது, ஒரு மாதமாகச் சரியாகவில்லை என்று கசாயம் கேட்டு வந்தார். குரல்நாணை அசைக்கும் நரம்பு இடதுபக்கத்தில் நெஞ்சுக்குள் இறங்கி, பெரிய இரத்தக்குழாயைச் சுற்றிக்கொண்டு மேலே ஏறுகிறது. ஆகவே மூன்று வாரம் தாண்டிய கரகரப்புக்குத் தொண்டையோடு நெஞ்சையும் பார்க்கவேண்டும். எக்ஸ்ரேயில் கட்டி இருந்தது. அடுத்த மாசிக்கு அவர் இல்லை.

பதினோராவது தோளுக்குப் போவது. கழுத்துப் பக்கத்தில் தோலுக்குச் சற்றுக் கீழேதான் ஓடுகிறது. ஒரு கொழுந்துப் பெண்ணுக்குக் கழுத்துக் கட்டியை வெட்டியெடுத்தபோது அது சேதப்பட்டிருந்தது. தையல் பிரித்து, காயம் சுத்தமாக ஆறி, வேலைக்கும் வந்துவிட்டாள். "காயம்தான் ஆறியாச்சே, இன்னும் என்ன துண்டு?" என்றார்கள். அவளை ஆபீஸ் மேசைக்கு முன்னால் நிறுத்தி இரண்டு கையையும் மேலே தூக்கச் சொன்னேன். இடதுகை வானத்தைத் தொட்டது, வலதுகை தோள்மட்டத்தில் நின்றுவிட்டது, தோள்பட்டை எலும்பு பின்னால் துருத்திக்கொண்டு வந்தது. கூடையைத் தூக்கித் தலைக்கயிற்றில் மாட்டமுடியாத ஒருத்தியைக் கொழுந்துக்கு அனுப்பி என்ன செய்வது? ஸ்டோரில் குச்சி பொறுக்கப் போட்டார்கள். கொழுந்தில் கிடைக்கும் கூடுதல் கிலோக் காசு அங்கே கிடையாது. அதற்கு என் துண்டில் வழியில்லை.

1992இல் தோட்டங்கள் மறுபடியும் கம்பனிகளின் கைக்குப் போயின. பிறகு அரசு தோட்ட ஆஸ்பத்திரிகள் சிலவற்றைப் பொறுப்பேற்றது. 2017இல் இந்திய உதவியோடு டிக்கோயாவில் புதிய ஆஸ்பத்திரி திறந்தார்கள், இந்தியப் பிரதமரே வந்தார். இப்போது 1990க்கு அழைத்தால் சுவசெரிய ஆம்புலன்ஸ் வருகிறது, கொழுந்து லொறிக்குக் கெஞ்சிய காலம் என் பேரப்பிள்ளைகளுக்குக் கதை. நோயும் மாறிவிட்டது. இமை இறங்கி, கண் வெளிப்பக்கம் திரும்பி வருகிறவர்களில் நீரிழிவுக்காரர்களே அதிகம். மூன்றாவது நரம்பு அது. அங்கே கண்மணியைப் பார்க்கவேண்டும். வெளிச்சத்துக்குச் சுருங்கினால் பெரும்பாலும் சீனி செய்த வேலை, கிளினிக் நாள்வரை பொறுக்கலாம். விரிந்துபோய்ச் சுருங்காமல் நின்றால் மூளையடியில் இரத்தக்குழாய் வீங்கி நரம்பை நெரிக்கிறது என்று நினைத்து அன்றே கண்டிக்கு அனுப்பவேண்டும். இந்தக் காலத்துப் பிள்ளைகள் டோர்ச்சை எடுப்பதற்குமுன் ஸ்கேனுக்கு எழுதுகிறார்கள். ஸ்கேன் நல்லதுதான், ஆனால் அது கேட்ட கேள்விக்குத்தான் பதில் சொல்லும்.

நான் ஓய்வுபெறுவதற்குச் சற்று முன் ஒரு பொடியனைத் தகப்பன் இழுத்துவந்தார். கொழும்பில் கடை வேலை, தலையிடி என்று வந்து மூன்று வாரமாகத் திரும்பிப் போகவில்லை. "ரெண்டு ரெண்டாத் தெரியுதுன்னு கதை விடுறான், ஐயா. வேலைக்குப் போக கள்ளம்." ஒரு கண்ணைப் பொத்தினேன். ஒன்றாகத் தெரிகிறது என்றான். மற்றதைப் பொத்தினேன், அப்போதும் ஒன்றுதான். இரண்டையும் திறந்தால் இரண்டு. வலப்பக்கம் பார்க்கச் சொன்னதும் வலதுகண் நடுவிலேயே நின்றுவிட்டது. ஆறாவது நரம்பு மூளையடியில் நெடுந்தூரம் ஓடி எலும்பு விளிம்பில் வளைந்து போவதால், மண்டைக்குள் அழுத்தம் கூடினால் முதலில் இழுபடுவது பல நேரம் அதுதான். நாடியை நெஞ்சில் தொடச் சொன்னேன், கழுத்து விறைத்திருந்தது.

ஸ்கேன் எடுத்தார்கள், அதில் ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லை என்று சொல்லி வீட்டார் கூட்டிவந்துவிட்டார்கள், தகப்பனுக்குத் தான் சொன்னதுதான் சரி என்று ஆகிவிட்டது. மறுபடியும் ஒரு கடிதம் எழுதினேன்: மூன்று வாரத் தலையிடி, விறைத்த கழுத்து, வலது ஆறாவது நரம்பு, லயத்தில் பாட்டனுக்குக் கசநோய். இந்தமுறை முதுகுத்தண்டு நீரை எடுத்துப் பார்த்தார்கள். மூளை உறையில் கசநோய். ஒரு வருட மருந்து. முதல் மாதங்களில் எத்தம்பியுட்டோலும் இருந்ததால் சிவப்பு மூடிக்கு வரச்சொன்னேன். இரண்டு தடவை வந்தான். பிறகு தேவையில்லை என்று தாய் சொல்லியனுப்பினார். அவரே தினமும் காலையில் ஒரு செத்தல் மிளகாயையும் ஒரு பச்சை மிளகாயையும் அவன் மூஞ்சிக்கு நேரே நீட்டி, "இது என்னா கலரு, சொல்லுடா" என்று கேட்டுவிட்டுத்தான் மலைக்குப் போனாராம்.